கேக்குக்கு ஒத்துவராத ஒயின்

'ஒயின்ஸ்' என்று பலகை மாட்டிய கடையில் ஒயின் இருக்காது என்பதை என் கணவரை அனுப்பித்தான் தெரிந்துகொண்டேன். எண்பதுகளின் கடைசி அது. பாடியில் பஸ் மாறும் இடத்தில், லாரி பட்டறைகளுக்குப் பக்கத்தில் அந்தக் கடை இருந்தது. கம்பிவலைக்குப் பின்னால் நின்றவர் என் கணவரை மேலும் கீழும் பார்த்தாராம்.

"இன்னா சார் வோணும்?"

"ஒயின் கீதா?"

"போர்டுல கீது சார். உள்ள இல்ல. பிராந்தி கீது, ரம்மு கீது. இன்னா தரட்டும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "அண்ணாத்தே டாக்டர் ஊட்டுப் பிள்ளை போல கீது. ஜூஸ் கடை அந்தாண்ட நைனா," என்று கை காட்டினார். என் கணவர் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "இனிமே என்னை அனுப்பாதே. உனக்கு ஒயின் வோணும்னா நீயே செஞ்சுக்க."

அவர் கோபத்தில் சொன்னார். நான் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அது ஏன் வேண்டியிருந்தது என்று சொல்லச் சில வருஷங்கள் பின்னால் போக வேண்டும். நான் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், பிராட்டஸ்டண்டு, குடி என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாதவர். இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்த பிறகுதான் எங்களுக்கு ஊற்றுவார். அந்த வீட்டில் இருந்தவளுக்கு ஒயினுக்கு ஒரே வழி கோயில்தான். திடப்படுத்தல் சடங்கு முடிந்த பிள்ளைகள் திருவிருந்துக்குப் போகலாம். வரிசையாக முழங்காலிட்டிருப்போம். வெள்ளிக் கிண்ணம் ஒவ்வொரு வாயாக நகர்ந்து வரும். ஆளுக்கு ஒரு மிடறு, அதுவும் முழு மிடறு அல்ல. பக்கத்தில் இருந்தவர்கள் அந்த நேரத்தில் எதை நினைத்தார்களோ, நான் நினைத்தது சுவையை. எழுந்து இடத்துக்குத் திரும்பி, பாட்டு முடியும்வரை நாக்கை அசைக்காமல் வைத்திருப்பேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்குத் திருமணம் ஆயிற்று. தூரம் அதிகமில்லை, அதே குவார்ட்டர்ஸில் ஆறு பிளாக் தள்ளி. ஆனால் அது கத்தோலிக்க வீடு. மாப்பிள்ளை தொழிற்சாலையில் ஃபிட்டர் என்பதால் அப்பா சம்மதித்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு புத்தி சொன்னார்.

"அவிய ஆர்.சி. கிறிஸ்மசுக்கு வீட்லயே ஒயினு போடுவாவ. நீ அந்தப் பக்கமே எட்டிப் பாக்காத, கேட்டியா?"

"சரிப்பா," என்றேன். அப்பாவிடம் நான் சொன்ன பொய்களில் இது சிறியதுதான்.

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிட்டேன். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசினால் எதிர் பிளாக்கில் கேட்கும். அவருடைய ஒயினுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பெயர். நவம்பர் கடைசியில் பன்னீர் திராட்சை வாங்குவார். கழுவி, ஈரம் துடைத்து, காம்பு கிள்ளி, பெரிய பீங்கான் ஜாடியில் ஓர் அடுக்கு திராட்சை, ஓர் அடுக்கு சர்க்கரை என்று போடுவார். எடைக்கு எடை. பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை, பேக்கரியில் கேட்டு வாங்கிய ஈஸ்ட். ஜாடியின் வாயில் வெள்ளைத் துணி. தினம் காலையில் மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டுவார். இருபத்தொன்றாம் நாள் பிழிந்து வடிகட்டி, சர்க்கரையைக் கருக்கி நிறம் சேர்ப்பார். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் வேறு யாரும் கரண்டியைத் தொடக் கூடாது.

"கை மாறினா புளிச்சுடும்," என்பார்.

அந்த முதல் கிறிஸ்துமஸில் எனக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாஸில் கொடுத்தார்கள். முதலில் இனிப்பு, பிறகும் இனிப்பு, தேன் மாதிரி தொண்டையில் ஒட்டியது. விழுங்கி முடித்து, நான்கைந்து நொடி கழித்து, நாக்கின் இரண்டு ஓரங்களிலும் லேசாக ஒரு பிடிப்பு வந்தது. இனிப்புக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. அது போய்விடும் முன் பிடித்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன்.

"இன்னாடி, கண்ண மூடிகினு கீறே? உங்கப்பா ஊட்ல ஒயினுக்கும் செபம் பண்ணுவீங்களா?" என்றார் அத்தை. கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கிளாஸை நீட்டினேன்.

அடுத்த சில வருஷங்கள் அப்படியே போயின. வருஷத்துக்கு ஒரு வாரம் ஒயின், மற்ற நாளெல்லாம் நினைப்பு. அப்போது நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி நடப்பேன். மாவட்டச் செய்திகள் என் மேசைக்கு வரும். அதில் வாரம் தவறாமல் சாராயம் இருக்கும். சாராயம் காய்ச்சியவர் கைது, சாராய ஊறல் அழிப்பு, சாராயம் குடித்தவர்கள் ஆஸ்பத்திரியில். தலைப்பில் 'சாவு' போடுவதா 'பலி' போடுவதா என்று மேசைக்கு மேசை சண்டை நடக்கும். அந்தச் செய்திகளைச் சுருக்கிக்கொண்டே, திராட்சைத் தோலின் துவர்ப்பை நினைத்துக்கொண்டிருந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

ஒரு நாள் எங்கள் போட்டோகிராபர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஏதோ ஒரு வெளிநாட்டு விருந்தைப் படம் எடுக்கப் போனவருக்குக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்த பிறகு திரும்ப அடைத்திருந்தார்.

"அக்கா, இது கெட்டுப்போச்சுக்கா. வாயில வெச்சாலே புளிக்குது, துவர்க்குது. சக்கரையே இல்ல. உங்க ஊட்ல கேக்குல ஊத்துவீங்கள்ல, எட்த்துக்கினு போங்க."

வீட்டில் தனியாக இருந்த ஒரு மத்தியானம் அதை ஊற்றிக் குடித்தேன். கெட்டுப்போகவில்லை. நாவல் பழத்தில் கொட்டையை ஒட்டிய சதை, பாக்கு மென்றபின் வாய் இழுத்துக்கொள்வது, மழை விழுந்த செம்மண், இப்படி ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். எதுவும் சரியாக இல்லை. சரியாக இருந்தது ஒன்றுதான்: அத்தையின் ஒயினில் நான்கைந்து நொடி காத்திருந்து நான் தேடிய பிடிப்பு, இதில் முதல் மிடறிலேயே முன்னால் வந்து நின்றது. அத்தனை வருஷமும் சர்க்கரை அதை மூடி வைத்திருந்தது. அந்தப் பாட்டிலை ஒரு வாரத்துக்கு மேல் வைத்து, தினம் இரண்டு ஸ்பூன் வீதம் குடித்து, அன்றன்றைய சுவையை ஒரு நோட்டில் குறித்தேன். எட்டாம் நாள் அது உண்மையிலேயே கெட்டது. அதற்குப் பிறகுதான் கணவரைப் பாடிக்கு அனுப்பினேன்.

ஆக, கடையில் கிடையாது. இருந்தாலும் ஒரு பெண் அந்தக் கம்பிவலை முன்னால் போய் நிற்க முடியாது. எனக்கு ஒயின் என்றால் அது ஒரு ஜாடியிலிருந்துதான் வர வேண்டும். அந்த வீட்டில் ஜாடிக்கு அதிகாரி அத்தை. எனக்கும் ஒரு ஜாடி வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு ஊட்ல ரெண்டு ஒயினா? எந்த ஊர் வழக்கம் இது?" என்றார். மூன்றாம் நாள் உப்பு எலுமிச்சை போடும் சின்ன ஜாடியைக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "பண்ணு. ஆனா பந்தல்ல வெக்கணும். ஊட்லயே வெச்சுக் குடிக்கிறதுக்குப் பேரு வேற."

பந்தல் என்பது எங்கள் வழக்கம். கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்ததும், பிளாக்குகளுக்கு நடுவே உள்ள திடலில் ஒரு ஷாமியானா போட்டு, நீள மேசை வைத்து, எல்லா வீட்டிலிருந்தும் கேக்கும் ஒயினும் கொண்டுவந்து வைப்பார்கள். பாட்டிலில் பெயர் எழுத மாட்டார்கள். கழுத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிற நூல். யார் யாருடையதை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். மிஞ்சியதை அந்தந்த வீட்டுக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். காலிப் பாட்டிலோடு போகிறவள் எப்படி நடக்கிறாள், நிறைந்த பாட்டிலோடு போகிறவள் எப்படி நடக்கிறாள் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள்.

முதல் வருஷம் நான் கிலோ திராட்சைக்குக் கால் கிலோ சர்க்கரை போட்டேன். அத்தை செய்வதைப் போலவே துணி கட்டினேன். சர்க்கரை அதிகமாக இருந்தால் கெடாமல் காக்கும்; குறைத்தால் காற்று புகுந்து கெடுக்கும் என்பது எனக்குத் தெரியாது. இருபத்தொன்றாம் நாள் கிடைத்தது காடி. ஆனாலும் பந்தலில் வைத்தேன். ஒருவர் குடித்துவிட்டு, "அண்ணி, இதுல வெங்காயம் நறுக்கிப் போட்டா நல்லாருக்கும்," என்றார். பாட்டில் நிறைந்தபடி வீட்டுக்கு வந்தது.

இரண்டாம் வருஷம் காற்று புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். அது தப்பு. அவர் வேலை செய்த பிரிவில் குழாய்களை இணைத்து, அழுத்தம் கொடுத்து, கசிவு உண்டா என்று சோதிப்பார்கள். ஒரு இணைப்பில் கசிவு என்றால் அவருக்குச் சோறு இறங்காது. ரப்பர் ஷீட் வாங்கி வட்டமாக வெட்டி, மூடிக்கு அடியில் கொடுத்து, மேலே பட்டையை இழுத்து, சுற்றிலும் சோப்பு நுரை தடவிச் சோதித்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. "இனிமே எறும்பு மூச்சு வுட்டாக்கூட உள்ள போவாது," என்றார். உள்ளேயிருந்து வெளியே வர வேண்டியது என்ன என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

பதினோராம் நாள் மாலை அத்தை கூடத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். சமையலறையில் வெடித்தது. மூடி உத்தரத்தில் மோதிச் சுக்குநூறானது. சுவர், காலண்டர், அரிசி டப்பா எல்லாம் ஊதா நிறம். அத்தை செபமாலையோடு வெளியே ஓடி, "கேஸு வெடிச்சிடுச்சு! கேஸு வெடிச்சிடுச்சு!" என்று கத்தினார். மூன்று பிளாக் காலியானது. ஒருவர் மணல் வாளியோடு வந்துவிட்டார்.

கணவர் நேராகப் போய் ஜாடியைத் தடவிப் பார்த்தார். "ஜாடி தப்பிச்சிகிச்சு," என்றார். பிறகு, தன்னையும் மீறி, "பதினோரு நாளும் லீக்கே இல்ல, பாத்தியா?" என்றார்.

அத்தை அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது.

மூன்றாம் வருஷம் அவர் பிராயச்சித்தம் செய்தார். மருந்துக் கடையில் குளுகோஸ் ஏற்றும் டியூப் ஒன்று வாங்கினார். ஜாடிக்கு ஒரு ரப்பர் அடைப்பான் செதுக்கி, நடுவில் துளையிட்டு டியூபைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் முக்கினார். உள்ளே இருக்கும் வாயு வெளியே வரும்; வெளிக்காற்று உள்ளே போகாது. பாட்டிலில் குமிழி வர ஆரம்பித்தது. வேலையிலிருந்து வந்ததும் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, "நிமிஷத்துக்கு முப்பத்தாறு," என்பார். நான் நோட்டில் எழுதுவேன். ஒரு நாள் குமிழி நின்றது. வடிகட்டி, மண்டி கீழே இறங்கும்வரை காத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தேன்.

அது ஒயின். சந்தேகமே இல்லை. பின்னாளில் எத்தனையோ ஒயின் குடித்திருக்கிறேன். தொண்ணூறுகளின் இறுதியில் முகப்பேரில் ஃபிளாட் வாங்கிப் போன பிறகு, வேலை விஷயமாகப் பெரிய ஹோட்டல்களுக்குப் போய்வந்தபோது நம் நாட்டில் செய்ததும், கடல் தாண்டி வந்ததும் கிடைத்தன. அவற்றுக்குப் பக்கத்தில் எங்கள் சமையலறைச் சரக்கு நிற்குமா என்றால் நிற்காது. பன்னீர் திராட்சை சாப்பிடுவதற்கான பழம். அதில் ஓரளவுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் புளிப்பு இருந்தது, துவர்ப்பு இருந்தது, இனிப்பு இல்லை, எதுவும் கெடவில்லை. நான் நினைத்ததை நினைத்தபடி செய்திருந்தேன்.

அந்த வருஷமும் பாட்டில் திரும்பி வந்தது. பந்தலில் ஒவ்வொருவராகக் குடித்து முகத்தைச் சுளித்தார்கள். கிரேன் ஆபரேட்டர் ஒருவர், "பல்லு கூசுது அண்ணி," என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி அளவு பார்த்தார்.

"ரெண்டு தபா திரும்பி வந்துச்சு, ஒரு தபா வெடிச்சுச்சு. ஜனங்க என் மூஞ்சிக்கு நேரா சிரிக்கல, அவ்ளோதான். அடுத்த வருஷம் கடைசி. காலியா வந்துச்சுன்னா ஜாடி உன்னுது. ஒரு சொட்டு திரும்பி வந்தாலும் எலுமிச்சம்பழத்துக்குப் போயிடும். அப்புறம் இந்த ஊட்ல என் ஒயின் மட்டும்தான். சரியா?"

"சரி அத்தை."

சொல்லிவிட்டேன். ஜாடி போனால் எனக்கு ஒயின் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அன்றே உட்கார்ந்து நடந்ததை வரிசையாக எழுதினேன். செய்தியை எழுதும்போது செய்கிற வேலைதான்: யார் வந்தார், என்ன செய்தார், என்ன சொன்னார். பந்தலில் என் ஒயினைக் குடித்தவர்கள் என் நினைவில் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் முகம் சுளித்தார்கள். ஒருவர் சுளிக்கவில்லை. அவர் எங்கள் பக்கத்து பிளாக்கில் இருந்த சார்ஜ்மேன், தொழிற்சாலையில் ஒரு பிரிவின் மேற்பார்வையாளர். கிளாஸை முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். மரியாதைக்காக என்று அப்போது நினைத்தேன். மற்றவர்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிப் பார்த்தபோது ஒன்றே ஒன்று இருந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. அவர் கேக் சாப்பிடவில்லை.

வீட்டில் கேக் மிச்சம் இருந்தது. ஒரு துண்டு தின்றுவிட்டு என் ஒயினை ஒரு மிடறு குடித்தேன். பல் கூசியது. கிரேன் ஆபரேட்டர் சொன்னது முழு உண்மை. வாயைக் கொப்புளித்துவிட்டு, மத்தியானத்துப் பன்றிக்கறி வறுவலில் ஒரு துண்டை மென்றுவிட்டு மறுபடியும் குடித்தேன். மிளகுக் காரமும் கொழுப்பும் இருந்த இடத்தை ஒயின் துடைத்துக்கொண்டு போனது. அடுத்த துண்டு முதல் துண்டைப் போலவே இருந்தது, ஒயினும் அப்படியே. இனிப்பைத் தின்ற நாக்குக்கு முன்னால் இத்தனை நாளும் நான் என் ஒயினை நிறுத்தியிருக்கிறேன். கிறிஸ்துமஸ் என்றால் கேக், கேக் என்றால் ஒயின் என்று எங்களில் எல்லோருக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது. எனக்கும்தான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட. சொல்லியிருந்தால் மறுநாள் முதல் ஷிப்டிலேயே தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிடும்.

நான்காம் வருஷம் அக்டோபர் தொடக்கத்திலேயே ஜாடியை நிரப்பினேன், மண்டி நன்றாக இறங்க நாள் வேண்டும் என்று. டிசம்பர் நடுவில் மூன்று பாட்டில் தேறியது. விளக்குக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. அத்தை மூன்றையும் பார்த்தார். "ஒண்ணே திரும்பி வருது, இதுல மூணா?" என்றார்.

கிறிஸ்துமஸ் காலை. பூசை முடிந்து பந்தலில் கூட்டம். அத்தையின் பாட்டில்களை மேசையில் வைத்தேன். என்னுடைய மூன்றையும் கூடையில் வைத்துக்கொண்டு பந்தலைத் தாண்டி நடந்தேன்.

கடைசி பிளாக்குக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் ஆண்கள் கறி வறுப்பார்கள். அதுவும் வழக்கம். பல வீடுகள் சேர்ந்து பன்றி வாங்கி, ஒரே பெரிய வாணலியில் வறுத்து, பன்னிரண்டு மணிக்குப் பங்கு போடுவார்கள். பெண்கள் பாத்திரத்தோடு பங்கு வாங்கத்தான் அந்தப் பக்கம் வருவார்கள், அதற்கு முன் வர மாட்டார்கள். நான் பதினொன்றரைக்கே வருவதைப் பார்த்ததும் நான்கு பேர் எதையோ விறகுக்குப் பின்னால் தள்ளினார்கள். கரண்டி பிடித்திருந்தவர் அதே கிரேன் ஆபரேட்டர். பதற்றம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் சார்ஜ்மேன் ஒருவர்தான்.

"இன்னா அண்ணி, வழி மாறி வந்துட்டீங்களா? கேக்கு அந்தாண்ட."

"யாராவது கேக்கு சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க. காலைலேர்ந்து அடுப்பாண்டயே கீறோம்."

"நல்லது," என்று பாட்டிலைத் திறந்தேன்.

அவர் ஒரு அடி பின்னால் போனார். "ஐயோ அண்ணி, போன வருஷத்துப் பல்லே இன்னும் சரியாவல."

"ஒரு துண்டு கறி எடுத்து வாயில போடுங்க. நல்லா மென்னு முழுங்குங்க. அப்புறம் இது ஒரு வாய். நல்லா இல்லேன்னா இந்த மரத்தடியிலயே ஊத்திடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"மாமே, சாட்சி நீதான்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, கரண்டி நுனியில் ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டார். மென்றார். எவர்சில்வர் டம்ளரில் நான் ஊற்றியதைக் கண்ணை இறுக்கிக்கொண்டு குடித்தார். கண் திறந்தது. டம்ளருக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு துண்டு எடுத்தார், இன்னொரு வாய் குடித்தார்.

"இன்னா மச்சான், உயிரோட கீறியா?" என்றார் சாட்சி.

"சும்மா இரு. வேலையா கீறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. நான்கு டம்ளர் ஒரே நேரத்தில் நீண்டது. சார்ஜ்மேன் மட்டும் அவசரப்படாமல், "போன வருஷமே நான் சொன்னேன்ல? எவன் கேட்டான்?" என்றார். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். திருத்தவில்லை. அன்று அவருக்கு அந்த உரிமை இருந்தது.

விறகுக்குப் பின்னால் தள்ளியது அங்கேயே கிடந்தது. முதல் பாட்டில் கால் மணி நேரத்தில் முடிந்தது. செய்தி பந்தலுக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. பன்னிரண்டு அடிப்பதற்குள் பெண்கள் பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். கேக் தின்றுவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, "கொப்புளிச்சுட்டு வாங்க," என்றேன். வரிசை நின்றது. இரண்டாம் பாட்டில் முடிந்தது. மூன்றாவதில் பாதி இருந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. அத்தை, தூக்குச்சட்டியோடு.

அவர் பாட்டிலைத்தான் முதலில் பார்த்தார். பாதி.

"அதான் பாதி கீதே," என்றார்.

"இன்னும் நீங்க குடிக்கலையே, அத்தை."

"நானா? ரெண்டு துண்டு கேக்கு, ஒரு கிளாஸ் என் ஒயின் ஆச்சு."

செம்பை நீட்டினேன். "கொப்புளிங்க."

"யாரைடி கொப்புளிக்கச் சொல்றே? என்னையா?"

சுற்றிலும் முப்பது பேர் இருந்திருப்பார்கள். வாணலி மட்டும் சத்தம் போட்டது. அத்தை செம்பை வாங்கினார். திரும்பி நின்று, மூன்று முறை கொப்புளித்துத் துப்பினார். கிரேன் ஆபரேட்டர் ஒரு நல்ல துண்டாகப் பார்த்து இலையில் வைத்து நீட்டினார். அத்தை மென்றார். அவர் மெல்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். அன்று அதைவிட நேரமானது. பிறகு டம்ளரை வாங்கிக் குடித்தார்.

முகம் சுளிக்கவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிட்டதைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சற்றுச் சாய்த்தார். அந்த நான்கைந்து நொடிகளை நான் எண்ணினேன்.

இலையில் இன்னொரு துண்டு வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். டம்ளரை என் பக்கம் நீட்டினார். ஊற்றினேன். அதையும் முடித்தார். மறுபடி நீட்டினார்.

"அத்தை, மெதுவா."

"ஊத்துடி."

பாட்டில் தலைகீழானது. கடைசிச் சொட்டு பாட்டிலின் வாயில் தொங்கி விழும்வரை அத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் குடித்துவிட்டுப் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "காலி," என்றார்.

கிரேன் ஆபரேட்டர் கரண்டியால் வாணலியின் விளிம்பைத் தட்டினார். யாரோ விசிலடித்தார்கள்.

எங்கள் பிளாக்குக்கு வேப்பமரத்தடியிலிருந்து நேராக ஒரு வழி உண்டு, இரண்டு நிமிஷ நடை. நான் அதில் போகவில்லை. கூடையில் மூன்று காலிப் பாட்டில்களும் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட, பந்தலைச் சுற்றிக்கொண்டு, நீள மேசையின் ஓரமாகவே நடந்தேன். பின்னால் அத்தை தூக்குச்சட்டியோடு வந்துகொண்டிருந்தார். மேசையில் நின்றவர்களைப் பார்த்து அவர் சொன்னது எனக்கும் கேட்டது, எதிர் பிளாக்குக்கும் கேட்டிருக்கும்:

"எங்க ஊட்டு ஒயினு. ரெண்டு தினுசு."

வீட்டுப் படியேறும்போது மூச்சு வாங்க நின்றார். "அந்தச் சின்ன ஜாடி பத்தாது," என்றார். "அடுத்த வருஷம் பெரிசை நீ எட்த்துக்க. கேக்குக்கு எனக்குச் சின்னது போதும்."